மடிக்கணினி ஏன் மூச்சு வாங்குகிறது?

கோடை விடுமுறையில் காயல்பட்டினத்திலுள்ள என் ராத்தா வீட்டிற்குச் சென்றிருந்தேன். எப்போதும் வாசலுக்கே ஓடி வந்து கைப்பையை வாங்கிக் கொள்ளும் மருமகன் அன்று அறையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டிலும் ஒருவித இறுக்கம் நிலவியது.

"என்ன ராத்தா, மருமகனைக் காணோமே?" என்று கேட்டேன்.

"அவனோடு நான் பேசியே மூன்று நாளாகிறது தம்பி. அவனுடைய வாப்பா துபையிலிருந்து கொண்டு வந்து கொடுத்த லேப்டாப் கெட்டுப் போய்விட்டதாம். விளையாட்டுப் போட்டால் இழுக்கிறதாம். வேறு புதிது வேண்டுமாம். ஒரு லட்சத்திற்கு மேல் கொடுத்து வாங்கியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடையில் காட்டினால், போர்டு போய்விட்டது, 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அவர்களிடம் நான் எந்த முகத்தோடு சொல்வேன்?" என்று கூறிய ராத்தாவின் கண்கள் கலங்கிவிட்டன. கை வளையல்களில் இரண்டை அடகு வைத்து, மச்சானுக்குத் தெரியாமலேயே காரியத்தை முடித்துவிடலாமா என்றும் அவர் எண்ணிக் கொண்டிருந்தார்.

மகன் மீது உம்மாவுக்குச் சந்தேகம். நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லி, அதைவிட விலை உயர்ந்ததை வாங்கப் பார்க்கிறான் என்பது அவர் எண்ணம். மகனுக்கோ, தான் சொல்லும் உண்மையை வீட்டில் ஒருவரும் நம்பவில்லையே என்ற வருத்தம். ஓர் இயந்திரம் மெதுவாக ஓடியதால் தாயும் மகனும் மூன்று நாள் பேசாமல் இருந்தனர்.

இத்தகைய நிலை இன்று பல வீடுகளில் ஏற்படுகின்றது. கணினி விளையாட்டைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்துகள் இருக்கலாம். ஆயினும் பணம் கொடுத்து வாங்கிய பொருள் சரியாக இயங்கவில்லை என்றால், காரணத்தை அறியாமல் மேலும் பணத்தைச் செலவிடுவது அறிவுடைமை ஆகாது. படிப்பிற்காக வரைபடம் வரையும் மென்பொருளும், படத்தொகுப்பு மென்பொருளும் மெதுவாவதற்கும் பெரும்பாலும் இதே காரணங்கள்தாம். ஆகவே அன்று அவ்வீட்டில் நடந்ததையும், ஒவ்வொரு வீட்டாரும் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனைகளையும் வரிசையாகக் கூறுகின்றேன்.

எது மெதுவாகிறது?

மருமகனை அழைத்து அருகில் அமர வைத்து, "எப்படி இழுக்கிறது என்று சொல்" என்று கேட்டேன். "எல்லாமே இழுக்கிறது மாமா" என்றான். நோயாளி வந்து "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் மருந்து கொடுப்பாரா? தலைவலியா, வயிற்றுவலியா என்று கேட்கத்தானே செய்வார்! கணினிக்கும் அதுவே முறை.

விளையாட்டின் மெதுவில் மூன்று வகை உண்டு. முதலாவது, காட்சி ஓடுவதில் ஏற்படும் தடுமாற்றம். திரையில் நாம் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களின் தொகுப்பே ஆகும். நொடிக்கு 60 படங்கள் வந்தால் கண்ணுக்கு அசைவு இழைந்து தெரியும். அதாவது ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடிதான். இருபதுக்குக் கீழே இறங்கினால் காட்சி துண்டு துண்டாக வெட்டி வெட்டித் தெரியும்.

இரண்டாவது, இணையத்தின் தாமதம். காட்சி இழைந்து ஓடும். ஆனால் எதிரணி வீரன் இங்கிருந்து அங்கே தாவுவான், நாம் அடித்த பந்து சிறிது நேரம் கழித்தே நகரும். இது கணினியின் குற்றமன்று. வீட்டு இணைய இணைப்பின் குற்றம். வைஃபை கருவிக்கு அருகில் அமர்ந்தோ, கம்பி வழியே இணைத்தோ பார்த்தால் விளங்கிவிடும். மூன்றாவது, விளையாட்டு திறப்பதற்கே நெடுநேரம் ஆவது. இது பெரும்பாலும் சேமிப்பகம் எனப்படும் வட்டின் தாமதமாகும்.

இந்த மூன்றையும் பிரித்தறியாமல், இணையக் கோளாறுக்காகப் புதுக் கணினி வாங்கியவர்களும் உண்டு. கணினிக் கோளாறுக்காக இணைய நிறுவனத்தோடு சண்டையிட்டவர்களும் உண்டு.

விண்டோஸ் சாவியையும் ஜி எழுத்துச் சாவியையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பலகை தோன்றும். அதில் செயல்திறன் பகுதியில் நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு தெரியும். மருமகனின் கால்பந்து விளையாட்டைத் திறந்து பார்த்தோம். 22, 24, 19 என்று எண்கள் ஆடிக் கொண்டிருந்தன. பிள்ளை பொய் சொல்லவில்லை. இதனை ராத்தாவை அழைத்து முதலில் காட்டினேன்.

முதல் தடயம்

"வாங்கிய நாள் முதலே இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. வாப்பா துபையில் வாங்கிய அன்றே இந்த விளையாட்டைப் போட்டு, ஓடுவதை ஃபோனில் வீடியோவாகக் காட்டினார்கள். தண்ணீர் போல ஓடியது. இங்கே வந்த பிறகுதான் இப்படி" என்றான்.

அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை. இயந்திரம் ஒன்றே, விளையாட்டும் ஒன்றே. அப்படியானால் மாறியது எது? இக்கேள்விதான் பழுது பார்ப்பதன் பாதி. நானும் அவனும் கணினியைச் சுற்றிப் பார்த்தோம். திரையின் மூலையில் மின்கலத்தின் அளவு 81 விழுக்காடு என்று காட்டியது. மின்இணைப்பு கொடுக்கப்பட்டே இருக்கிறது. "காலையில் எவ்வளவு இருந்தது?" என்றேன். "நூறு இருந்தது மாமா. விளையாட விளையாடக் குறையும்" என்றான்.

மின்இணைப்பில் இருக்கும்போதே மின்கலம் குறைகிறது என்றால், உள்ளே வருகின்ற மின்சாரத்தைவிடச் செலவாகும் மின்சாரம் அதிகம் என்பதே பொருள். செருகியிருந்த சார்ஜரைக் கையில் எடுத்தேன். அது கைப்பேசிக்கு உரிய, உள்ளங்கையில் அடங்கும் சிறிய சார்ஜர்.

"கணினியோடு வந்த அடாப்டர் எங்கே?"

"அது பீரோவில் இருக்கிறது மாமா. அதன் பிளக் நம் ஊர் சுவிட்ச் பலகையில் நுழையாது. இது இன்னொரு துளையில் பொருந்தியது, சார்ஜும் ஏறியது. அதனால் இதையே போட்டேன்."

ஐக்கிய அரபு அமீரகத்தில் வழங்குவது தட்டையான மூன்று முனைகள் கொண்ட பிளக்; நம் நாட்டில் உருண்டை முனைகள். அது நுழையாததால் அடாப்டர் முழுவதுமே பெட்டியோடு பீரோவுக்குள் போய்விட்டது.

பெருக்கிப் பாருங்கள்

எந்த அடாப்டரை எடுத்தாலும் அதன் வயிற்றில் சிறு எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். வெளியேறும் மின்னழுத்தம் எத்தனை வோல்ட், மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்பவையே அவை. இரண்டையும் பெருக்கினால் அது தரக்கூடிய ஆற்றல் வாட் கணக்கில் கிடைக்கும். மருமகன் பயன்படுத்திய சார்ஜரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர், பெருக்கினால் 65 வாட். பீரோவிலிருந்து எடுத்த அடாப்டரில் 20 வோல்ட், 9 ஆம்பியர். பெருக்கினால் 180 வாட்.

பத்துப் பேருக்கு ஆக்க வேண்டிய வீட்டில் மூன்று பேருக்கு உரிய அரிசியைக் கொடுத்தால் சமைப்பவர் என்ன செய்வார்? கணினியும் அதையேதான் செய்தது. கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொண்டது. 4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறக்கூடிய அதன் செயலி, விளையாடும்போது 1 கிகாஹெர்ட்ஸைக்கூட எட்டாமல் நின்றது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று சாவிகளையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் இவ்வேகத்தை எவரும் பார்க்கலாம். சார்ஜர் போதாது என்ற எச்சரிக்கையும் அவ்வப்போது திரையில் தோன்றியே இருக்கின்றது. மருமகன் அதனை ஏதோ விளம்பரம் என்று எண்ணி நாள்தோறும் மூடி வந்திருக்கின்றான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. யூ.எஸ்.பி. சி வகைத் துளை எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல் இருக்கின்றது. ஆற்றல் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2021ஆம் ஆண்டு வரை அத்துளையின் வழியே தரப்பட்ட உச்ச அளவு 100 வாட். அவ்வாண்டில் வந்த புதிய விதிமுறையே அதனை 240 வாட் வரை உயர்த்தியது. விளையாட்டுக்கென்றே செய்யப்படும் மடிக்கணினிகளின் அடாப்டர்களோ 150 வாட், 180 வாட், 230 வாட், 330 வாட் என்ற அளவுகளில் வருகின்றன. ஆகவே பொருந்துவதெல்லாம் போதுமானதன்று.

அடாப்டரே இல்லாமல் மின்கலத்தில் மட்டும் விளையாடினாலும் இதே கதிதான். மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தாலும், அதிலிருந்து ஒரே நேரத்தில் எடுக்கத்தக்க ஆற்றலுக்கு ஒரு வரம்பு உண்டு. இவ்வகைக் கணினிகள் சுவர் மின்சாரத்தில்தான் முழு வேகம் காட்டும்.

தீர்வு மிக எளிதாக இருந்தது. அடாப்டர் என்பது செங்கல் போன்ற பெட்டி மட்டுமே. அதற்கும் சுவருக்கும் இடையிலுள்ள கம்பி தனியே கழன்று வரும். பெட்டியின் மீது 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிடப்பட்டிருந்ததால், நம் நாட்டு மின்சாரம் அதற்கு முற்றிலும் ஏற்றதே. கடைத்தெருவுக்குச் சென்று, நம் நாட்டு உருண்டை முனை பிளக் கொண்ட, தர முத்திரையுள்ள கம்பி ஒன்றை வாங்கி வந்தோம். விலை 180 ரூபாய். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மூன்றாவது முனையாகிய எர்த் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத மாற்றுப் பிளக்குகளைப் போட்டால், உலோக உடல் கொண்ட மடிக்கணினியில் கை வைக்கும்போது சுருக்கென்று மின்சாரம் உறுத்தும்.

கம்பியை மாட்டி மீண்டும் விளையாட்டைத் திறந்தோம். எண்கள் 78, 80, 76 என்று நின்றன. மருமகன் ஒன்றும் பேசவில்லை. உம்மாவின் முகத்தைப் பார்த்தான். ராத்தா அவனுடைய தலையைத் தடவிக் கொடுத்தார்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் கூற மாட்டேன். மருமகன் கடைக்குக் கணினியோடு எடுத்துச் சென்றதும் அந்தச் சிறிய சார்ஜரையே. அங்கேயும் அது இழுத்திருக்கும். அவர் பலகைமேல் பழி போட்டுவிட்டார். பழுது பார்க்கக் கொண்டு செல்லும்போது கணினியோடு வந்த அடாப்டரையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இருபது நிமிடத்திற்குப் பின்

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. அஸருக்குப் பின் மருமகன் மீண்டும் வந்தான். "முதலில் நன்றாக ஓடுகிறது மாமா. இருபது நிமிடம் ஆனதும் பழையபடி இழுக்கிறது" என்றான்.

தொடக்கம் முதலே மெதுவாக இருந்தால் ஒரு காரணம். நன்றாகத் தொடங்கிப் பின்னர் மெதுவானால் வேறொரு காரணம். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் வெப்பமே காரணமாகும். அறைக்குள் சென்று பார்த்தேன். பஞ்சு மெத்தையின் மீது தலையணை. தலையணையின் மீது கணினி. அடிப்புறத்தில் காற்றை உள்ளே இழுக்கும் துவாரங்கள் யாவும் பஞ்சுக்குள் புதைந்திருந்தன.

இன்றைய செயலிகள் தம்மைத் தாமே காத்துக் கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றிற்கு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் என்பது உச்ச வரம்பு. அதனை நெருங்கியதும் செயலி எரிந்துவிடாமல் இருக்கத் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வெப்பம் தணிந்ததும் வேகம் ஏறும். ஏறியதும் மீண்டும் சுடும். இந்த ஏற்ற இறக்கமே திரையில் தடுமாற்றமாகத் தெரிகிறது. மே மாதத்து வெயிலில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது, குளிர்விக்கும் விசிறிக்குக் கிடைப்பதும் அந்தச் சூடான காற்றுதான்.

இதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கணினியை மரமேசை போன்ற கெட்டியான, சமமான இடத்தில் வைக்க வேண்டும். பின்பக்கத்தின் இரு முனைகளிலும் இரண்டு விரற்கடை உயரத்திற்கு மரத்துண்டோ, கெட்டியான வேறு பொருளோ கொடுத்துத் தூக்கி வைத்தால் அடியில் காற்று தாராளமாகச் செல்லும். துவாரங்களை மட்டும் அடைத்துவிடக் கூடாது. பின்புறமும் பக்கவாட்டிலும் சூடான காற்று வெளியேறும் வழியைச் சுவரை ஒட்டி அடைக்கலாகாது.

ஓராண்டு, ஈராண்டு உழைத்த கணினி என்றால் தூசியையும் பார்க்க வேண்டும். விசிறியின் ஓரத்தில் நூலும் தூசியும் சேர்ந்து கம்பளம்போல் படிந்துவிடும். மின்இணைப்பைத் துண்டித்து, கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் துவாரங்களைத் துடைக்கலாம். காற்றை ஊதிச் சுத்தம் செய்வதானால் விசிறி தறிகெட்டுச் சுழலாதவாறு தடுத்துக் கொள்ள வேண்டும். சில ஆண்டுகள் கடந்த பின்னும் சூடு தணியவில்லை என்றால், செயலிக்கும் குளிர்விக்கும் உலோகத்திற்கும் இடையில் தடவப்பட்டுள்ள பசை உலர்ந்திருக்கலாம். அதனை மாற்றுவது அனுபவமுள்ளவரின் வேலை. பிள்ளைகளிடம் விடக் கூடாது. உத்தரவாதக் காலம் இருக்கும்போது கணினியைத் திறக்குமுன் அதன் நிபந்தனைகளையும் படித்துக் கொள்ள வேண்டும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கணினியின் அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ, கை வைக்கும் பகுதி மேலெழும்பி மூடி சரியாக மூடாமல் இருந்தாலோ உள்ளே மின்கலம் வீங்கியிருக்கலாம். அந்நிலையில் உடனே அணைத்துவிட வேண்டும். சார்ஜ் ஏற்றக் கூடாது. அழுத்தவோ குத்தவோ கூடாது. அது தீப்பற்றக் கூடியது. நேரே பணிமனைக்குக் கொண்டு சென்று மாற்ற வேண்டும்.

ராத்தா வீட்டில் கணினி மெத்தையை விட்டுக் கூடத்து மேசைக்கு வந்தது. அன்றிரவு ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தோம். எண்கள் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை.

வேறு காரணங்கள்

ராத்தா வீட்டில் இரண்டு காரணங்களோடு முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் வேறு காரணம் இருக்கலாம். அவற்றையும் பார்ப்போம்.

விளையாட்டுக்கென வாங்கும் மடிக்கணினிகளில் படம் வரையும் சில்லுகள் இரண்டு இருப்பது வழக்கம். ஒன்று செயலிக்குள்ளேயே அடங்கிய சிறியது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும். மற்றொன்று தனியானது, வலிமை மிக்கது. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் சிறியது போதும். விளையாட்டு தொடங்கினால் பெரியது வேலைக்கு வர வேண்டும். சில வேளை அது வராமலேயே இருந்துவிடும்; பணம் கொடுத்து வாங்கிய சில்லு உறங்கிக் கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஒரு சில்லு நூறு விழுக்காடு உழைப்பதையும், மற்றொன்று சும்மா இருப்பதையும் கண்டால் இதுவே குறை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று சென்று, அந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, உயர் செயல்திறன் என்று குறித்துவிட்டால் போதும். அதே செட்டிங்ஸில் மின்சாரப் பகுதிக்குச் சென்று, சிக்கன நிலையில் இருந்தால் அதனையும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது நினைவகம். பிள்ளைகள் ராம் என்று கூறுவார்கள். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் இணைய உலாவியின் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக் கொண்டு விளையாடினால், இடம் போதாமல் கணினி வட்டிலிருந்து கடன் வாங்கும். அப்போது விக்கி விக்கி நிற்கும். விளையாடுமுன் மற்றவற்றை மூடிவிடுவது செலவில்லாத மருந்து. பல கணினிகளில் நினைவகத்திற்கு இரண்டு இடங்கள் இருந்தும் ஒன்றில் மட்டும் பொருத்தி விற்கின்றனர். இரண்டாவதிலும் அதே வகை நினைவகத்தைப் பொருத்தினால் அளவு கூடுவதோடு, இரு வழிகளிலும் தரவு செல்வதால் வேகமும் கூடும். தனிச் சில்லு இல்லாத கணினிகளில் இப்பயன் மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட இயலாது. வாங்குமுன் கேட்டுத் தெரிந்து கொள்ளல் நலம்.

பழைய கணினிகளில் சுழலும் வட்டு இருக்கும். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் விளையாட்டு திறக்கும் நேரம் பெரிதும் குறையும். நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு அதனால் பெரிதாக உயர்ந்துவிடாது. இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கிவிட்டு ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு.

சில்லுகளை இயக்கும் டிரைவர் எனும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் பயன் தரும். கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, சில்லு தயாரிக்கும் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியவற்றின் தளத்திலிருந்தோதான் அதனைப் பெற வேண்டும். "ஒரே சொடுக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் கண்ட மென்பொருளையும் ஏற்றக் கூடாது. புதுப்பித்த மறுநாளே கோளாறு தொடங்கியது என்றால் முந்தைய பதிப்பிற்குத் திரும்பிவிடலாம்.

இலவசத்தின் விலை

இனி, பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய ஒன்று. விலை கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டைப் பூட்டு உடைத்து இலவசமாகத் தரும் இடங்கள் இணையத்தில் உண்டு. பிள்ளைகள் அங்கிருந்து இறக்கிக் கொள்கின்றனர். உரியவருக்குச் சேர வேண்டிய கூலியைத் தராமல் பயன்படுத்துவது தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதனால் கணினிக்கு நேர்வது என்ன?

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவாஸ்ட் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. இவ்வாறு பூட்டு உடைக்கப்பட்ட விளையாட்டுகளுக்குள் கிராக்கனாஷ் எனப்படும் தீய நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததையும், உலகெங்கும் 2,22,000க்கும் மேற்பட்ட கணினிகளில் அது புகுந்திருந்ததையும் அந்நிறுவனம் கண்டறிந்திருந்தது. அந்நிரல் வைரஸ் தடுப்பை முடக்கிவிட்டு, கணினியின் உழைப்பைத் திருடி, எங்கோ இருப்பவனுக்காக மொனேரோ எனும் மின்னணுப் பணத்தைச் சேர்த்துக் கொண்டிருந்தது. மின்கட்டணம் நமக்கு, பணம் அவனுக்கு. விளையாடாத நேரத்திலும் விசிறி இரைந்து கொண்டே இருந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது உழைக்கின்றது என்று பார்ப்பது நல்லது. இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஏற்றி வைப்பதும் கணினியை மெதுவாக்கும், ஒன்றே போதும்.

உள்ளதைக் கொண்டு நிறைவடைதல்

எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால், விளையாட்டு கேட்கும் உழைப்பு கணினியின் வலிமைக்கு மீறியது என்று பொருள். அப்போதும் வழி உண்டு. 1920க்கு 1080 என்ற அளவில் திரையை நிரப்ப ஒவ்வொரு படத்திற்கும் 20,73,600 புள்ளிகளை வரைய வேண்டும். 1280க்கு 720 என்று குறைத்தால் 9,21,600 புள்ளிகளே போதும், பாதிக்கும் குறைவு. படம் சற்று மங்கும், ஓட்டம் சீராகும். அடுத்து நிழல், நீரின் பிரதிபலிப்பு ஆகியவற்றின் தரத்தைக் குறைக்கலாம். இவையே அதிகம் விழுங்குபவை. சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்திகளும் வந்துள்ளன. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 2018லும், ஏஎம்டியின் எஃப்.எஸ்.ஆர். 2021லும், இன்டெலின் எக்ஸ்.இ.எஸ்.எஸ். 2022லும் அறிமுகமாயின. விளையாட்டின் அமைப்புகளில் இவை இருந்தால் பயன்படுத்திக் கொள்ளலாம். மேலும், நொடிக்கு 60 படங்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்துவிட்டால் சூடும் இரைச்சலும் குறையும்.

புதிதாக வாங்கவிருப்போருக்கும் ஒரு சொல். பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைகலைச் சில்லைப் பின்னர் மாற்ற இயலாது. எனவே வாங்கும்போதே விழிப்பு தேவை. பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒரே பெயரில், மேசைக் கணினிக்கு 450 வாட் அளவிலும் 24 ஜிகாபைட் நினைவகத்தோடும் ஒரு சில்லு வந்தது. மடிக்கணினிக்கு வந்ததோ அதிகபட்சம் 150 வாட், 16 ஜிகாபைட் நினைவகம். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சில்லுக்கு 35 முதல் 115 வாட் வரை என்றே நிறுவனம் வரம்பு வகுத்துள்ளது. 35 வாட்டில் ஓடுவதும் 115 வாட்டில் ஓடுவதும் ஒரே பெயரைத் தாங்கி, ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். "இந்த மாதிரியில் சில்லுக்கு எத்தனை வாட்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

கூடத்து மேசை

மறுநாள் காலை துபையிலிருந்து மச்சான் பேசினார்கள். ராத்தா நடந்ததை மறைக்காமல் கூறினார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பிளக் நுழையாது என்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே, அங்கேயே ஒரு கம்பி வாங்கி வைத்திருப்பேனே" என்று மச்சான் வருந்தினார்கள். ஃபோனை வாங்கிய மருமகன், "நான்தான் வாப்பா கேட்டிருக்க வேண்டும்" என்றான்.

கணினி மெத்தையை விட்டுக் கூடத்திற்கு வந்ததில் இன்னொரு நன்மையும் விளைந்தது. மூடிய அறைக்குள் பிள்ளை எத்தனை மணி நேரம் விளையாடுகிறான், என்ன விளையாடுகிறான் என்பது முன்பு எவருக்கும் தெரியாது. இப்போது உம்மா அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் திரை கண்ணில் படுகின்றது. நாளைக்கு ஒரு மணி நேரம், தேர்வுக் காலத்தில் அதுவும் இல்லை என்று தாயும் மகனும் தாமே பேசி முடிவு செய்து கொண்டனர். கணினிக்குக் காற்று வேண்டும் என்று சொல்லித்தான் நான் அதனை வெளியே கொண்டு வந்தேன். வீட்டிற்கும் அது தேவையாகவே இருந்திருக்கின்றது.

38,000 ரூபாய் செலவாகியிருக்க வேண்டிய இடத்தில் 180 ரூபாய் செலவாயிற்று. ராத்தாவின் வளையல்கள் கையிலேயே இருக்கின்றன. ஆனால் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது அதுவன்று. "என் பிள்ளை பொய் சொல்லவில்லை, தம்பி" என்று நான் ஊருக்குப் புறப்படும் வரை இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை வந்து "கணினி இழுக்கிறது" என்றால், உடனே கோபிக்க வேண்டாம். உடனே பணத்தையும் எடுக்க வேண்டாம். அருகில் அமர்ந்து கேளுங்கள். எப்போது இழுக்கிறது, எப்போது இழுக்கவில்லை, இடையில் மாறியது எது என்று மூன்று கேள்விகள் போதும். அடாப்டரின் எண்களைப் பெருக்கிப் பாருங்கள். அடியில் கை வைத்துச் சூட்டைப் பாருங்கள். அதன் பிறகும் விளங்கவில்லை என்றால் கடைக்குச் செல்லுங்கள்; செல்லும்போது கணினியோடு வந்த அடாப்டரை மறவாமல் கொண்டு செல்லுங்கள்.